முகப்பு வயலில் மட்டும் தண்ணீர்

ஆனி மாதம் நடவு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. என் வலது காலில் சுண்டுவிரலுக்கு அடுத்த விரல் இடுக்கில் சேற்றுப்புண். சேற்றுப்புண் இல்லாத கால் எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான் உண்டு. அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி ராஜாத்திதான் ஒரு நாள் வாடை பொறுக்காமல் என்னைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டருக்குச் சின்ன வயசு. சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தண்ணி பாய்ச்சுறேங்க. வயல்ல."

"இன்னும் ஒன்றரை மாசத்துக்கு இந்தக் கால் காஞ்சு இருக்கணும். ஈரத்துலயே நின்னீங்கன்னா விரல எடுக்க வேண்டியதுதான். வேலைய மாத்திக்குங்க."

"எதுக்கு மாத்திக்கிறதுங்க?"

அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது ராஜாத்தி சொன்னாள்: "பத்துல ஒண்ணுதானன்னு விட்றாத. இன்னிக்கி ஒண்ணு கேப்பாங்க, நாளைக்கிப் பாதம் கேப்பாங்க."

நான் தண்ணீர் பாய்ச்சுவது நடராசன் ஐயா நிலத்தில். பதினெட்டு மா, அதாவது ஆறு ஏக்கர். மொத்தம் ஒன்பது வயல். ரோட்டோரம் இருக்கிற இரண்டு மா முகப்பு வயல். மற்ற எட்டும் அதற்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டி மூங்கில் கொல்லை வரைக்கும் போகும். ஐயாவுக்கு முழங்கால் தேய்மானம். அவர் வரப்பில் நடந்து நாலு வருஷம் ஆகிறது. ரோட்டுக்கு எதிர்ப்புறம் மாடி வீடு, மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டுதான் விவசாயம். முகப்பு வயலில் தண்ணீர் வெயிலில் மின்னினால் அவருக்குப் பசி எடுக்கும். மின்னாவிட்டால் எனக்குப் போன் வரும்.

"முருகையா, வயல்ல மண்ணு தெரியுது."

"தூரு கட்டற நேரங்க ஐயா. கொஞ்சம் காஞ்சா நல்லதுங்க."

"எனக்கு நீ வெவசாயம் சொல்லிக் குடுக்காத. வைரக்கண்ணு ரோட்டுல போறான்."

வைரக்கண்ணு அடுத்த நிலத்துக்காரர். இருவரும் ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கட்சியில் இருந்து ஒரே நாளில் வெவ்வேறு கட்சிக்குப் போனவர்கள். இவர் வயலில் இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றால் அவர் வயலில் மூன்று விரற்கடை நிற்க வேண்டும். அதைப் பார்த்து இவருக்கு நாலு. கரண்டு இரண்டு பேருக்கும் இலவசம். நடுவில் சேற்றில் நிற்கிற கால் என்னுடையது.

இந்த நேரத்தில்தான் வானதி மேடம் ஸ்கூட்டரில் வந்தது. தஞ்சாவூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. கழுத்தில் அட்டை, தோளில் பை, பைக்குள் ஒரு முழ நீளத்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய். திட்டத்துக்குப் பேர் காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், குழாயை மண்ணில் ஊன்றி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மண்ணுக்குக் கீழே அரையடி இறங்குகிற வரைக்கும் காயவிட்டு, பிறகு பாய்ச்ச வேண்டும். வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் அதிலிருந்து ஒரு வாயு கிளம்பி உலகம் சூடாகிறதாம். அதைக் குறைத்துக் காட்டினால், வெளிநாட்டில் புகை விடுகிற ஒரு கம்பெனி அதற்குப் பணம் கொடுக்குமாம்.

"அவன் பொகை விடறதுக்கு நான் ஏன்மா வயல காயப்போடணும்?" என்றார் ஐயா. கேள்வி நியாயமானதுதான்.

"அத நீங்க நெனைக்கவே வேணாம் சார்," என்றது மேடம். "நாங்க யாரையும் மாத்த வரல. பெருசா எதையும் செய்யச் சொல்ல மாட்டோம். ஒரு சின்ன அடி. தப்பாப் போனாலும் உங்களுக்கு நஷ்டமே இல்லாத அடி. அது பழகினப்புறம் அடுத்தது. எங்க கிளையன்ட் எல்லாருக்கும் இப்படித்தான்."

கிளையன்ட் என்ற வார்த்தையில் ஐயா இளகிவிட்டார். இருபது வருஷமாக வரப்பு கேஸ் நடத்துகிறார். வக்கீல் குமாஸ்தாகூட அவரைப் பார்ட்டி என்றுதான் சொல்வார்.

முதல் வாரத்து அடி: குழாயை ஊன்றி, தினம் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். தண்ணீரை நிறுத்த வேண்டாம். இரண்டாம் வாரம்: ஒரே ஒரு வயலில், பாய்ச்சுகிற நாளை ஒரு நாள் மட்டும் தள்ளிப்போட வேண்டும். மூன்றாம் வாரம்: அந்த ஒரு வயலில் மட்டும் அரையடி இறங்குகிற வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் அடுத்த வயல். வியாழக்கிழமைதோறும் மேடம் வந்து குழாயைப் போட்டோ எடுத்துப் போனில் ஏற்றும்.

நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் விரலுக்காக டவுனிலிருந்து ஒருத்தர் வண்டி போட்டுக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை. மேடத்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான். வயல் காய்ந்தால் என் கால் காயும்.

ஐயாவிடம் கையெழுத்து வாங்க மேடம் ஒரு படிவம் நீட்டியது. அவர் கண்ணாடி எடுக்க உள்ளே போன நேரத்தில் நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். கருவிகள் என்று ஒரு தலைப்பு. மோட்டார் ஒன்று, குழாய் ஒன்று, மண்வெட்டி இரண்டு, ஆள் ஒன்று.

வீட்டில் வந்து சொன்னேன். ராஜாத்தி குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "மம்பட்டிக்கி மேலயா, கீழயா?"

"கீழ."

"அதானே பாத்தேன்."

ஐயா எல்லாவற்றுக்கும் சரி என்றார். எதையும் மாற்றவில்லை. குழாயை முகப்பு வயலில்தான் ஊன்ற வேண்டும் என்றார், தன் வயலில் ஒரு திட்டம் நடப்பது வைரக்கண்ணுவுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. முதல் வாரம் முடிந்தது. இரண்டாம் வாரம் புதன்கிழமை காலையில் போன்.

"முருகையா, நாளைக்கி அந்தப் பொண்ணு வரும். தண்ணிய வடிச்சுடு."

"மொகப்புலங்களா?"

"ஒம்போதையும் வடி. ஸ்கூட்டர்ல வர்ற பொண்ணு, எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது."

வடித்தேன். வியாழக்கிழமை மேடம் வந்து குழாயை எட்டிப் பார்த்தது. போனில் பச்சை விளக்கு வந்தது. "சூப்பர் சார்" என்று ஐயாவுக்கு ஒரு தொப்பி கொடுத்தது. ஸ்கூட்டர் திரும்பிய உடனே அடுத்த போன்.

"வைரக்கண்ணு வர்றதுக்குள்ள கட்டிடு."

ஆக, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற திட்டம் வந்த பிறகு எங்கள் நிலத்துக்கு வாரத்துக்கு ஒரு முறை கூடுதலாகத் தண்ணீர் தேவைப்பட்டது. எனக்கு வேலை இரண்டு மடங்கு. வடிக்க இறங்க வேண்டும். கட்டுவதற்கும் இறங்கி, நண்டு வளைகளைச் சேறு வைத்து மிதித்து அடைக்க வேண்டும். விரல் கறுத்துக்கொண்டு வந்தது.

ஐயாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கால் வெரல் போயிடும்னு டாக்டர் சொல்றாருங்க."

அவர் கல்மனசுக்காரர் இல்லை. "அடப் பாவி, மொதல்லயே சொல்ல மாட்டியா?" என்று மறுநாளே முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் அளவுக்கு. நான் அதைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினேன். நாலு அடி வைத்தேன். ஐந்தாவது அடியில் பூட்ஸ் சேற்றிலேயே நின்றது, கால் மட்டும் வந்தது. மாடியிலிருந்து ஐயா கூப்பிட்டார்: "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

மேடத்திடம் உண்மையைச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். சொன்னால் மேடம் ஐயாவைக் கேட்கும், ஐயா வேறு ஆளைக் கூப்பிடுவார். விரலும் போய் வேலையும் போகும். எனக்கு நஷ்டமே இல்லாத அடி எது என்று சொல்ல மேடத்தின் பையில் எதுவும் இல்லை.

மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் பாப்பேன்," என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது ராஜாத்தி கேட்டாள்.

"ஒங்க ஐயா மாடியிலேர்ந்து என்ன பாக்கறாரு?"

"மொகப்பு வயல."

"அது ரெண்டு மா. மிச்சம் பதினாறு மா?"

"அது எங்க தெரியும்? தென்னமரம் மறைச்சுக்கும்."

"அப்ப அந்தப் பதினாறு மாவும் அவரு மனசுலதான இருக்கு. மனசுல இருக்கற வயலுக்கு மனசுல தண்ணி கட்டு. நீ ஏன் எறங்குற?"

நான் நின்றுவிட்டேன். மேடம் ஒரு நாள் ஐயாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. ஒருத்தர் எதற்குப் பயப்படுகிறாரோ அதில் கை வைக்கக் கூடாதாம், அதற்குப் பக்கத்தில்தான் முதல் அடி வைக்க வேண்டுமாம். ஐயாவுக்குப் பயம் மாடியிலிருந்து தெரிகிற மண். மற்றபடி அவருக்கு எதிலும் பயமில்லை.

மறுநாள் முகப்பு வயலில் நாலு விரற்கடை தண்ணீர் கட்டினேன். கடைசியில், மூங்கில் கொல்லைப் பக்கத்து வயலுக்கு மட்டும் மடையைத் திறக்கவில்லை. ஒரு வயல், ஒரு நாள். மத்தியானம் போன் அடித்தது.

"எல்லாம் நிக்குதாடா?"

"மொகப்புல நல்லா நிக்குதுங்க."

"ம்." வைத்துவிட்டார். பசி எடுத்திருக்கும்.

அதற்கப்புறம் இரண்டு வயல், இரண்டு நாள். பிறகு நாலு வயல். குழாயெல்லாம் இல்லை. மண்ணில் மயிரிழை மாதிரி வெடிப்பு கண்டால் வரப்பில் நின்றபடியே மடையைத் திறந்துவிடுவேன். தண்ணீர் கட்டி நிற்காத வயலில் நண்டு வளையை யார் அடைக்க வேண்டும்? மூன்றாவது வாரம் எட்டு வயலும் என் வழிக்கு வந்துவிட்டன. ஐயாவுக்கு ஒரு பருக்கை குறையவில்லை. புதன்கிழமை வடிப்பதும் வியாழன் கட்டுவதும் முகப்பு வயலோடு நின்றது. அதையும் வரப்பிலிருந்தே பார்த்துக்கொண்டேன். விரலில் கறுப்பு நின்றது. ஓரத்தில் புதுத் தோல் தெரிந்தது. ராஜாத்தி தினமும் சாயங்காலம் அதை நகை பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குழப்பம் வைரக்கண்ணு ரூபத்தில் வந்தது. ஒரு புதன்கிழமை அவர் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மாடியைப் பார்த்துக் கேட்டார்: "என்னா நடராசா, பொதங்கெழமன்னா ஒன் வயலு வெரதமா?"

அதோடு சரி. "இனிமே வடிக்காத. எந்தப் பொண்ணு வந்தாலும் சரி," என்று ஐயா உத்தரவு போட்டுவிட்டார். மறுநாள் மேடம் வந்து எட்டிப் பார்த்தபோது குழாய்க்குள் தண்ணீர் தளும்பியது. ஒரு தவளையும் இருந்தது. போனில் சிவப்பு.

மேடம் மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்தது.

"இருபத்தி மூணு கிளையன்ட்ணே. ஒருத்தர்கூட நகரல. எல்லாரும் சரி சரின்னு சொன்னாங்க. எனக்குப் பச்சையா வந்துச்சு. போன மாசம் ஒரு ஊர்ல சும்மா திங்கக்கெழம போய்ப் பாத்தேன், கடல் மாதிரி நிக்குது. அடுத்த வாரம் எங்க மேலதிகாரி கிளமென்ட் சார் சென்னையிலேர்ந்து வர்றாரு. காட்டறதுக்கு ஒரு வயல் இல்ல. என் வேலை அவ்ளோதான்."

இது படித்த பெண். அழக்கூட இல்லை. எனக்குத்தான் என்னமோ போல இருந்தது. எட்டு வயலைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் சும்மா நிற்கிறேன்.

"மேடம், கொஞ்சம் நடக்கறீங்களா?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கியது. கால் புதையவில்லை. ஒரு நெல் குத்தைப் பிடித்து, அதில் கிளைத்திருந்த தூரை எண்ணியது. இருபத்தி மூணு. திரும்பிப் போகும்போது முகப்பு வயலிலும் எண்ணியது. பதினாலு. உடனே போனைத் தூக்கியது.

"போட்டோ வேணாம்மா. ஐயாவுக்குத் தெரியாது. வெரல் ஆறட்டும்."

"எந்த வெரல்?"

காட்டினேன். மேடம் குனிந்து பார்த்தது. பையிலிருந்து படிவத்தை எடுத்தது, புரட்டியது. விரலை எழுதுகிற இடம் அதில் இல்லை. திரும்ப உள்ளே வைத்துவிட்டது. "நான் யாருக்கும் சொல்ல மாட்டேண்ணே," என்றது.

அது சொல்லவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கம் போனதை வைரக்கண்ணு பார்த்திருக்கிறார். என்ன என்று தானும் போய்ப் பார்த்திருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை காலை டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போது ஐயாவிடம் சொல்லிவிட்டார்: "பின்னால எட்டு வயலும் வெடிச்சுக் கெடக்கு நடராசா. ஒன் ஆளு பயிரப் பட்டினி போட்டுட்டான். நீ மாடியில குந்திக்கிட்டு மொகப்பப் பாத்துக்கிட்டு இரு."

ஐயா வண்டியில் வாய்க்கால் கரை வரைக்கும் வந்தார். அங்கிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நடந்தார். நாலு வருஷத்துக்கு அப்புறம். பின்னாலேயே வைரக்கண்ணு, நிதானமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. நான் நாலாவது வயல் மடையில் நின்றிருந்தேன். ஐயா வெடிப்பைப் பார்த்தார். தடியால் குத்திப் பார்த்தார்.

"யாரக் கேட்டுடா காயப்போட்ட?"

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசமாங்க."

"ஒரு மாசமா எனக்குப் போன்ல என்னடா சொன்ன?"

"மொகப்புல நிக்குதுன்னு சொன்னேங்க. நின்னுச்சுங்க."

வைரக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு காலை நேரம் அமைந்திருக்காது. ஐயா முகம் சிவந்து, "நாளையிலேர்ந்து நீ," என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் எதிர் வரப்பில் ஆள் வருகிற சத்தம். வானதி மேடமும், அதற்கு முன்னால் ஷூ போட்ட ஒரு பெரியவரும். கிளமென்ட் சார். முகப்பு வயலைப் பார்த்துவிட்டு மனசு விட்டுப்போய், நிலத்துக்காரரையாவது பார்க்கலாம் என்று வந்திருக்கிறார்கள்.

கிளமென்ட் சார் வயலைப் பார்த்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஷூவோடு இறங்கினார். குனிந்து ஒரு குத்தை எண்ணினார், இன்னொன்றை எண்ணினார். வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இருபத்தி நாலு தூர். வானதி, இது ஏன் ரிப்போர்ட்ல இல்ல?" என்றவர் ஐயா பக்கம் திரும்பினார். "சார், இது நீங்க பண்ணதா?"

ஐயா என்னைப் பார்த்தார். பயிரைப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தூர் தெரியாமல் போகுமா, அவரும் இறங்கி நட்ட காலம் உண்டு. பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கிளமென்ட் சார் கையில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"பின்ன யாரு?" என்றார் ஐயா. "மொகப்புல தண்ணி நிக்கறது ஊருக்காவ. வெவசாயத்த நான் பின்னால வச்சிருக்கேன்."

வைரக்கண்ணுவின் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்த மாதிரி. மேடம் என்னைப் பார்த்தது. நான் என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

குறுவை அறுப்பில் பின்வயல்களில் மாவுக்கு ஒரு மூட்டை கூடக் கண்டது. தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் ஐயாவுக்குச் சால்வை போட்டார்கள். தொப்பி வைத்துக்கொண்டு மேடையில் இருபது நிமிஷம் பேசினார். மாற்றம் என்பது சின்ன அடியில்தான் இருக்கிறது என்றார். நானும் போயிருந்தேன், அவர் தடியைப் பிடித்துக்கொள்ள. வானதி மேடத்துக்கு வேலை நீடித்தது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்களை நகர்த்த அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் காலுக்கு ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. டாக்டர் விரலைத் தட்டிப் பார்த்து, "வேலைய மாத்திட்டீங்களா? நல்லது," என்றார்.

அப்புறம் மழை. மழைக்காலத்தில் எந்த வயலையும் காயவிட முடியாது. அதற்குச் சின்ன அடி சொல்லித்தர யாரும் வரவில்லை.

மறு வருஷம் ஆனியில் நடவு முடிந்த கையோடு ஐயா என்னைக் கூப்பிட்டார். நாற்காலியிலிருந்து வயலைப் பார்த்தபடி மெதுவாகத்தான் பேசினார்.

"முருகையா, தண்ணி கட்டற வேல பாதியாயிடுச்சு. தெனமும் என்னத்துக்கு வர்ற? ஒரு நாள் விட்டு ஒரு நாள் வா. மொதல்ல ஒரு வாரத்துக்கு மட்டும். சின்ன அடிதான். தப்பாப் போனா பழையபடி மாத்திக்கலாம், நஷ்டம் ஒண்ணுமில்ல."

தினக்கூலிக்காரனுக்கு வராத நாளில் கூலி இல்லை. வீட்டில் சொன்னேன். ராஜாத்தி முறத்தைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "மனுசன் நெசமாவே மாறிட்டாரு."

வேலை இல்லாத முதல் நாள் காலையில் வாசலில் வண்டிச் சத்தம். வைரக்கண்ணு. இறங்கவில்லை, இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்கி ஒனக்குச் சும்மாத்தான?"

"ஆமாங்க."

"நம்ம வயல்ல ஒரு நட வந்து பாரு. பின்னால ரெண்டு வயலு மட்டும். சும்மா, பாக்கலாமேன்னு. மொகப்புல தண்ணி கொறையக் கூடாது. அவன் மாடியிலேர்ந்து பாப்பான்."

"நான் சேத்துல எறங்க மாட்டேங்க. வரப்புலேர்ந்தேதான்."

அவர் முகத்தைச் சுளித்தார். தண்ணீர் பாய்ச்சுகிறவன் போடுகிற நிபந்தனையா இது என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. நான் காலை மெல்ல முன்னால் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து விரலும் அதில் இருந்தன.

"சரி, இன்னிக்கி ஒரு நாளைக்கி வா. பாப்போம்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். அவர் வீட்டைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தேன். அந்த மாடியிலும் புதிதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. நடராசன் ஐயாவின் முகப்பு வயலைப் பார்த்தபடி.